கண்டியின் பகல் எப்போது குறுகுகிறது?

இலங்கை புவி மத்திய கோட்டுக்கு அருகில் இருக்கிறது. ஆகவே இங்கே பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழச் சமம். இதைச் சிறு வகுப்பிலிருந்தே படித்து வருகிறோம். அது சரியானதே. ஆனால் 'ஏறத்தாழ' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை நிமிடங்கள் அடங்கியிருக்கின்றன என்று நாம் கேட்பதில்லை. மாலை வகுப்பு முடிந்து பஸ்ஸுக்காக நிற்கும் மாணவிக்கும், வாசலைப் பார்த்தபடி இருக்கும் அவளுடைய உம்மாவுக்கும் அந்த நிமிடங்கள் அற்பமானவை அல்ல.

நான் உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் படிக்கிறேன். தொழுகை நேர அட்டவணை எங்கள் வீட்டுச் சுவரில் எப்போதும் தொங்குகிறது. அதிலுள்ள மஃரிப் நேரம் நவம்பரில் ஏன் அவ்வளவு முந்தி வருகிறது, 'ஆண்டின் மிகக் குறுகிய பகல்' என்று புத்தகம் சொல்லும் டிசம்பர் 22இல் ஏன் அது மீண்டும் பிந்திவிடுகிறது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை. விடையைத் தேடியபோது, கண்டிக்கும் அதற்கே உரிய ஒரு வெளிச்சக் காலமும் இருட்டுக் காலமும் உண்டு என்பதும், அவை நாம் நினைக்கும் மாதங்களில் வருவதில்லை என்பதும் தெரிந்தன.

எண்கள் சொல்வது

கண்டி நகரம் வட அகலக்கோடு 7 பாகை 17 கலையளவில் அமைந்துள்ளது. ஓரிடத்தின் அகலக்கோடும், அன்று சூரியன் நேர் உச்சியில் நிற்கும் அகலக்கோடும் தெரிந்தால் பகலின் நீளத்தைத் திரிகோண கணிதத்தால் கணக்கிடலாம். இதற்கு நம் உயர்தரக் கணிதமே போதும். அவ்வாறு கணக்கிட்டு, நிமிடத்துக்கு முழுமையாக்கிய நேரங்கள் இவை. ஆண்டுக்கு ஆண்டு ஒரு நிமிடம் முன்பின் ஆகலாம்.

ஜனவரி 28: உதயம் 6.27, மறைவு 6.14
மார்ச் 20: உதயம் 6.12, மறைவு 6.18
மே 25: உதயம் 5.50, மறைவு 6.19
ஜூன் 21: உதயம் 5.53, மறைவு 6.26
ஜூலை 14: உதயம் 5.58, மறைவு 6.29
செப்டம்பர் 23: உதயம் 5.57, மறைவு 6.03
நவம்பர் 15: உதயம் 5.58, மறைவு 5.46
டிசம்பர் 22: உதயம் 6.15, மறைவு 5.57

கண்டியின் மிக நீண்ட பகல் ஜூன் 21 அளவில் வருகிறது. அதன் நீளம் 12 மணி 33 நிமிடம். மிகக் குறுகிய பகல் டிசம்பர் 22 அளவில். அது 11 மணி 42 நிமிடம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 51 நிமிடம் மட்டுமே. பகலும் இரவும் சமம் எனப்படும் மார்ச் 20இலும் செப்டம்பர் 23இலும்கூடப் பகல் 12 மணியையும் 6 நிமிடத்தையும் தாண்டிவிடுகிறது. வளிமண்டலம் ஒளியை வளைப்பதால், அடிவானத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் சூரியனும் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அத்துடன், சூரிய வட்டத்தின் நடுப்பகுதி அல்ல, அதன் மேல் விளிம்பு தெரியும் கணத்தையே உதயம் என்கிறோம். இவ்விரண்டும் சேர்ந்து தரும் உபரி நிமிடங்கள் அவை.

இனி பட்டியலை மீண்டும் பாருங்கள். சூரியன் ஆண்டிலேயே மிக முந்தி மறைவது டிசம்பரில் அல்ல, நவம்பர் நடுப்பகுதியில். மிகப் பிந்தி உதிப்பதும் டிசம்பரில் அல்ல, ஜனவரி இறுதியில். மிகக் குறுகிய பகலுக்கு ஐந்து வாரம் முன்னே ஒன்றும், ஐந்து வாரம் பின்னே மற்றதும் நிகழ்கின்றன. ஆண்டின் நடுவிலும் இப்படியே. மிக முந்திய உதயம் மே இறுதியில். மிகப் பிந்திய மறைவு ஜூலை நடுவில்.

நண்பகல் நகர்கிறது

இதற்குக் காரணம், சூரியனின் நண்பகலும் கடிகாரத்தின் பன்னிரண்டு மணியும் ஒன்றல்ல என்பதே.

இலங்கையின் நியம நேரம் கிழக்கு நெடுங்கோடு 82 பாகை 30 கலைக்கு உரியது. கண்டி அதற்கு மேற்கே ஏறத்தாழ இரண்டு பாகை தள்ளி இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் எடுப்பதால், சராசரியாக நம் நண்பகல் 12.07 அளவில் வரவேண்டும். இது ஆண்டு முழுவதும் மாறாத வேறுபாடு. கொழும்பு இன்னும் மேற்கே இருப்பதால் அங்கே நண்பகல் நமக்கு 3 நிமிடம் பிந்துகிறது. மட்டக்களப்பில் 4 நிமிடம் முந்துகிறது. பிரதேசத்துக்குப் பிரதேசம் தொழுகை நேர அட்டவணை வேறுபடுவது இதனால்தான்.

இதற்கு மேல் மாதத்துக்கு மாதம் மாறும் வேறுபாடு ஒன்றும் உண்டு. பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமல்ல, நீள்வட்டம். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது. அப்போது அதன் வேகமும் கூடுகிறது. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்தும் இருக்கிறது. இவ்விரண்டின் விளைவாக, ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகல் வரையான நேரம் எல்லா நாளும் சரியாக 24 மணியாக இருப்பதில்லை. டிசம்பர் இறுதியில் அது 24 மணியுடன் அரை நிமிடம் கூடுதலாக இருக்கும். அரை நிமிடம்தானே என்று விட்டுவிட முடியாது, ஏனெனில் அது நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகிறது. நவம்பர் தொடக்கத்தில் 11.51க்கு வரும் கண்டியின் நண்பகல், பெப்ரவரி நடுப்பகுதியை நெருங்கும்போது 12.22க்குப் போய்விடுகிறது. நூறு நாளில் 31 நிமிடம்!

நண்பகல் நகர்ந்தால் அதனுடன் உதயமும் மறைவும் சேர்ந்தே நகரும். கண்டியில் டிசம்பர் மாதப் பகலின் நீளம் நாளுக்குச் சில விநாடிகளே குறைகிறது. நண்பகலோ நாளுக்கு அரை நிமிடம் பின்னே போகிறது. எனவே பகல் குறைந்துகொண்டிருக்கும்போதே மறைவு பிந்தத் தொடங்குகிறது. பகல் வளரத் தொடங்கிய பிறகும் உதயம் பிந்திக்கொண்டே போகிறது. என் கேள்விக்கு விடை இதுதான்.

ஒரு கம்பும் அதன் நிழலும்

இதைச் சரிபார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு மீற்றர் நீளமான நேர்க்கம்பு ஒன்றை முற்றத்தில் செங்குத்தாக நட்டால் போதும். நிழல் மிகக் குறுகும் நேரமே உண்மையான நண்பகல்.

கண்டியில் ஏப்ரல் 8 அளவிலும் செப்டம்பர் 4 அளவிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அந்நாட்களின் நண்பகலில் கம்புக்கு நிழலே இராது. டிசம்பர் 22இல் நிழல் வடக்கு நோக்கி 59 சென்ரிமீற்றர் நீளும். ஜூன் 21இலோ தெற்கு நோக்கி 29 சென்ரிமீற்றர். 'சூரியன் நண்பகலில் தென்பக்கம் நிற்கும்' என்று ஐரோப்பியர் எழுதிய நூல்களில் வாசிக்கிறோமே, அது நமக்கு முழு உண்மையல்ல. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஐந்து மாத காலம் கண்டியின் நண்பகல் சூரியன் வடபக்கம் நிற்கிறது.

நம் தொழுகை நேரங்களும் இந்த நிழலோடு கட்டப்பட்டவையே. நிழல் சாயத் தொடங்கும்போது லுஹர் வருகிறது. ஷாஃபி மத்ஹபின்படி, நண்பகலில் இருந்த நிழலுடன் கம்பின் நீளமும் சேரும்போது அஸர் தொடங்குகிறது. இதனால்தான் அக்காலப் பெரிய பள்ளிவாசல்களில் 'முவக்கித்' என்ற நேரக்கணிப்பாளர்கள் பணிபுரிந்தார்கள். டமஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் அப்பணியை ஆற்றிய இப்னுஷ் ஷாத்திர், 1371இல் அதன் மினாராவுக்காக ஒரு பெரிய சூரியக் கடிகாரம் அமைத்தார். அவர் சிறந்த வானியலாளரும்கூட. பாங்கின் நேரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்ற தேவை, முஸ்லிம்களை வானியலின் முன்வரிசைக்கு இட்டுச் சென்றது.

மலைகளுக்கு நடுவே

அட்டவணையில் உள்ள உதயமும் மறைவும் தடையில்லாத அடிவானத்துக்கு உரியவை. கண்டிக்கு அப்படியொரு அடிவானம் கிடையாது. தெற்கே ஹந்தானை, மேற்கே பஹிரவகந்த, நகரை ஒட்டி உடவத்தகெலே, கிழக்கே தூரத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மேடு நிற்கிறது.

நம் நாட்டில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறுகிறது; ஒரு பாகை உயர 4 நிமிடத்துக்குச் சற்று அதிகமாகும். அப்படியானால் 6 பாகை உயரத் தெரியும் மலையொன்று சூரியனை 25 நிமிடம் மறைத்து வைத்துக்கொள்ளும். நாங்கள் அக்குறணைப் பக்கம் தாழ்வான இடத்தில் இருக்கிறோம். எங்கள் முற்றத்தில் வெயில் விழுவது அட்டவணை உதயத்துக்கு 20 முதல் 30 நிமிடம் கழித்துத்தான். உதயமாகும் இடம் ஆண்டு முழுவதும் ஒன்றாக இராமல், நேர்கிழக்குக்கு இருபுறமும் 23 பாகைக்கும் மேலாக நகர்வதால், சில மாதங்களில் சூரியன் மலைமுகட்டின் மேலாகவும் சில மாதங்களில் பள்ளத்தின் ஊடாகவும் எட்டிப் பார்க்கிறது. தாமதமும் அதற்கேற்பக் கூடிக் குறைகிறது.

நோன்பு காலத்தில் இது முக்கியமான விடயம். சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது என்பதற்காக மஃரிப் வந்துவிட்டதாகாது. அந்நேரத்தில் மலைக்கு அப்பால் உள்ள ஊரில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஆகவே மலைநாட்டில் கண்ணை விடக் கணக்கே நம்பத் தகுந்தது.

லண்டனில் இருக்கும் சாச்சி

நம்மில் பலருக்கு இங்கிலாந்திலோ கனடாவிலோ உறவினர் இருக்கிறார்கள். என் சாச்சி லண்டனில் இருக்கிறார். லண்டனின் அகலக்கோடு 51 பாகை 30 கலை. அங்கே ஜூன் 21இல் பகல் 16 மணி 38 நிமிடம். டிசம்பர் 22இல் 7 மணி 50 நிமிடம். கண்டியில் 51 நிமிடமாக உள்ள வேறுபாடு அங்கே 8 மணி 48 நிமிடமாகிவிடுகிறது. டிசம்பரில் அங்கு காலை 8 மணி கடந்தே சூரியன் உதிக்கிறது. பிற்பகல் 4 மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. சாச்சியின் பிள்ளைகள் பாடசாலை விட்டு வரும்போதே தெருவிளக்குகள் எரிகின்றன.

அங்கே பகலின் நீளம் இவ்வளவு வேகமாக மாறுவதால், நண்பகல் நகரும் அரை நிமிடம் அதற்குள் அமிழ்ந்துவிடுகிறது. ஆகவே லண்டனில் மிக முந்திய மறைவும் மிகப் பிந்திய உதயமும் மிகக் குறுகிய நாளுக்கு ஏறத்தாழப் பத்து நாட்கள் முன்பின்னாகவே வருகின்றன. நமக்கு ஐந்து வாரம் என்பதை நினைத்துப் பாருங்கள். இடைவெப்ப வலயத்துக்காக எழுதப்பட்ட பாடத்தை அப்படியே நம் வானத்துக்குப் பொருத்த முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நோன்பிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. அடிவானத்துக்குக் கீழே 18 பாகையில் சூரியன் வரும் நேரத்தை வைகறை எனக் கொண்டால், கண்டியில் நோன்பின் நீளம் எந்த மாதத்திலும் ஏறத்தாழ 13 மணிக்கும் 13 மணி 50 நிமிடத்துக்கும் இடைப்பட்டதே. லண்டனிலோ மே பிற்பகுதி முதல் ஜூலை மூன்றாம் வாரம் வரை சூரியன் அந்த 18 பாகை ஆழத்துக்கு இறங்குவதே இல்லை; இரவு முழுவதும் வானத்தில் ஒரு மங்கல் வெளிச்சம் இருந்துகொண்டிருக்கும். அப்படியானால் இஷா எப்போது, ஸஹர் முடிவது எப்போது? இதற்காக அறிஞர்கள் இரவை ஏழு கூறாக்குதல் போன்ற முறைகளை வகுத்துத் தந்திருக்கிறார்கள். 2015இலும் 2016இலும் ரமழான் ஜூனில் தொடங்கியபோது சாச்சி இரவு ஒன்பது மணி கடந்து நோன்பு திறந்தார். சந்திர ஆண்டு பத்துப் பதினொரு நாள் குறைவானதால் ரமழான் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2030இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரு ரமழான்கள் தொடங்கும். அப்போது லண்டன்வாசிகளுக்கு நம்மைவிடக் குறுகிய நோன்பு கிடைக்கும். கோடையில் பட்ட சிரமத்துக்கு மாரியில் ஈடு கிடைப்பது இறைவனின் ஏற்பாடு.

கடிகாரத்தை நகர்த்திய காலம்

லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்து, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பழையபடி ஆக்குகிறார்கள். நம் நாட்டிலும் கடிகாரம் நகர்ந்ததுண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 1942இல் முன்னே நகர்த்தப்பட்டு 1945இல் பழைய நிலைக்கு வந்தது. பின்னர் 1996இல் மழையின்றி நீர்த்தேக்கங்கள் வற்றி மின்வெட்டு ஏற்பட்டபோது, மே 25 அன்று ஒரு மணி நேரம் முன்னே வைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று அதில் அரை மணி குறைக்கப்பட்டது. மீதி அரை மணி 2006 ஏப்ரல் 15 வரை நீடித்தது.

உம்மா அப்போது பாடசாலை மாணவி. "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்காமல் யாரும் ஒரு நேரம் சொல்லமாட்டார்களாம். கணக்குப் பார்த்தால், அந்த அரை மணி இருந்த ஆண்டுகளில் ஜனவரி இறுதியில் கண்டியில் சூரியன் உதித்தது காலை 6.57க்கு. மலை மறைக்கும் நேரத்தையும் மூடுபனியையும் சேர்த்தால், உம்மா பாடசாலை வாசலுக்குப் போகும்வரை வெயிலைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. "டோர்ச் அடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனோம்" என்று அவர் சொல்வது மிகையல்ல.

லண்டனில் கோடையில் உபரியாகப் பல மணி வெளிச்சம் இருக்கிறது. அதிகாலையில் வீணாகும் ஒரு மணியை மாலைக்கு மாற்றலாம். கண்டியில் அப்படிச் சேமித்து வைக்க உபரி வெளிச்சம் இல்லை. மாலைக்குக் கொடுத்ததைக் காலையிலிருந்தே எடுக்க வேண்டும்.

ஆறு மணிக்கு முடியும் வகுப்பு

இந்தக் கணக்கெல்லாம் நமக்கு எதற்கு? நம் ஊரில் மறைவுக்குப் பின் நடந்து போகப் போதுமான வெளிச்சம் 22 நிமிடமே நிற்கிறது. லண்டனின் ஜூன் மாத அந்தி இதைப்போல் இரு மடங்கு நீளம். ஆகவே பிரத்தியேக வகுப்பு ஒன்று மாலை 6.00க்கு முடிந்தால், ஜூலை நடுவில் மாணவிக்கு 51 நிமிட வெளிச்சம் மிச்சம் இருக்கிறது. கட்டுகஸ்தோட்டை நெரிசலைத் தாண்டி அக்குறணைக்கு வந்துசேர அது பெரும்பாலும் போதும். நவம்பர் நடுவில் அவளுக்கு மிச்சமிருப்பது 8 நிமிடம். வகுப்பு அதே வகுப்பு, நேரமும் அதே நேரம். அத்துடன் அக்டோபரும் நவம்பரும் கண்டியில் மழை மிகுந்த மாதங்கள். பிற்பகலில் திரளும் இடிமழை அந்த எட்டு நிமிடத்தையும் விழுங்கிவிடும்.

மஃரிபுக்கு முன் பெண்பிள்ளை வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது நம் வீடுகளின் பொதுவான வழக்கம். அதை நான் குறை கூறவில்லை. ஆனால் அந்த வழக்கமும் மாறாத வகுப்பு நேரமும் நவம்பரில் மோதிக்கொள்ளும்போது விட்டுக்கொடுப்பது யார்? பெரும்பாலும் மாணவிதான். என்னுடன் படித்த இருவர் கடந்த ஆண்டு ஒக்டோபர் இறுதியில் இரசாயனவியல் வகுப்புக்கு வருவதை நிறுத்தினார்கள். "இருட்டிவிடுகிறது" என்பதே இரு வீட்டிலும் சொல்லப்பட்ட காரணம். அது உண்மையான காரணமும்கூட. ஆனால் அந்த இருட்டு ஏன், எத்தனை நிமிடம், எதுவரை என்று யாரும் கேட்கவில்லை.

மேலே உள்ள பட்டியலை எழுதி எடுத்துக்கொண்டு நாங்கள் ஐந்து பேர் எங்கள் ஆசிரியரிடம் போனோம். கண்டியின் மாலை மறைவு ஆண்டு முழுவதிலும் 43 நிமிடமே மாறுகிறது. ஆகவே வகுப்பை முக்கால் மணி முன்னே வைத்தால், நவம்பர் மாணவிக்கும் ஜூலை மாணவியின் வெளிச்சம் கிடைத்துவிடும் என்று சொன்னோம். அவர் பட்டியலைச் சற்று நேரம் பார்த்தார். 3.30க்குத் தொடங்கிய வகுப்பை டிசம்பர் முடியும்வரை 2.45க்கு மாற்றினார். பகலுணவை அவசரமாகச் சாப்பிட வேண்டியிருந்தது உண்மை. நிறுத்திய இருவரில் ஒருத்தி திரும்பி வந்தாள். மற்றவள் வரவில்லை; அதற்குள் மூன்று வாரப் பாடம் போய்விட்டிருந்தது.

ஆகவே பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் இந்த ஆண்டு முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். ஒக்டோபர் நடுப்பகுதி முதல் டிசம்பர் இறுதி வரை மாலை வகுப்புகளை முக்கால் மணி முன்னே வையுங்கள். முடியாவிட்டால் சனிக்கிழமை காலைக்கு மாற்றுங்கள். ஜனவரியில் மாலையைப் பற்றிக் கவலை வேண்டாம். அப்போது காலையே இருட்டு. அம்மாதத்தில் சிறிய பிள்ளைகளை பஸ் தரிப்பிடம் வரை ஒருவர் கூட்டிச் செல்வது நல்லது.

தோழியரே, உங்கள் வீட்டுச் சுவரிலும் தொழுகை நேர அட்டவணை இருக்கும். அதில் ஜூலை 14க்கும் நவம்பர் 15க்கும் உரிய மஃரிப் நேரங்களுக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். அடுத்த தவணைக்கு வகுப்புத் தேடும்போது அந்தத் தாளையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.